பொதுப் பட்டறை தொடங்குவோர் இயந்திரப் பட்டியலைக் கடைசியில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதச் சந்தா கட்டி உறுப்பினராகி, தனியாளாக வாங்கி வைக்க முடியாத ரம்பத்தையும் கடைசல் இயந்திரத்தையும் லேசரையும் பலர் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டறைகளைப் பற்றி எழுதுகிறேன். இப்படியொன்றை நம் சமூக அமைப்போ, கோயில் தொண்டூழியர் குழுவோ, முன்னாள் மாணவர் சங்கமோ தொடங்கலாமே என்று பேச்சு எழுந்தால் முதலில் மேசைக்கு வருவது இயந்திரப் பட்டியல்தான். எத்தனை வாட் லேசர், எந்த நிறுவனத்தின் பிரிண்டர் என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். அவற்றை எந்த அறையில் வைப்பது, யார் பராமரிப்பது, மூன்றாம் ஆண்டு வாடகை எங்கிருந்து வரும் என்பதை யாரும் கேட்பதில்லை. இத்தகைய பட்டறைகள் நொடித்துப்போவது பெரும்பாலும் கேட்காமல் விட்ட இந்தக் கேள்விகளால்தான்.

தேவை இருக்கிறது, அதில் ஐயமில்லை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பலகை அறுக்க ஏற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை. புதுப்பிப்புப் பணிகளில் இடிப்பது, உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. மற்ற வேலைகள் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பதோ இரவும் ஞாயிறும். அண்டை வீட்டார் பொறுத்துக்கொண்டாலும் மரத்தூள் பொறுக்காது, கட்டில் வரை வந்துவிடும்.

இங்கே எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2009இல் பூசோரா ஸ்திரீட்டில் உறுப்பினர் சந்தாவில் தொடங்கிய ஹேக்கர்ஸ்பேஸ் பிறகு கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்குப் போனது. கணினி, மின்னணு ஆர்வலர்களின் இடம் அது. தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் மேக்-ஐடி என்ற பெயரில் முப்பரிமாண அச்சு இயந்திரங்களைத் தொட்டுப் பழக முடிகிறது. 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாமில் தொண்டூழியர்கள் பழுதான மின்விசிறியையும் ரைஸ் குக்கரையும் உங்களோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள். தூசியும் சத்தமும் நெருப்புப் பொறியும் உள்ள வேலைக்குத்தான் இடம் குறைவு. அந்த வேலைதான் கடினமானதும்கூட.

லேசரிலிருந்தே தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். 60 முதல் 100 வாட் வரையிலான கார்பன் டைஆக்சைடு லேசர்களில் பெரும்பாலானவை கண்ணாடிக் குழாய் கொண்டவை. வெட்டும் நேரமெல்லாம் குழாய்க்குள் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. மலிவான இயந்திரத்தோடு வரும் குளிர்விப்பானில் விசிறியும் ரேடியேட்டரும் மட்டுமே இருக்கும், கம்ப்ரஸர் இருக்காது. விசிறியால் நீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. பிற்பகலில் அறை 31 டிகிரி என்றால் நீர் அதற்கும் மேலே போகும். வெட்டு ஆழம் குறையும், குழாய் சீக்கிரம் தேயும். கம்ப்ரஸர் உள்ளதை வாங்கி 18 டிகிரிக்குத் திருப்பிவிட்டால் போயிற்று என்று அடுத்து ஒருவர் சொல்வார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 31 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. 18 டிகிரி குழாய், ஐஸ் போட்ட குவளையைப் போல வெளிப்புறம் முழுக்க வியர்க்கும். குழாயின் ஒரு முனையில் பல்லாயிரம் வோல்ட் இருக்கிறது. ஈரத்தின் வழியே மின்பொறி தாவினால் குழாயும் போகும், அதற்கு மின்சாரம் தரும் பெட்டியும் போகும்.

ஆகவே நம் ஊரில் லேசர் என்றால் கதவு மூடும் குளிர்சாதன அறையும் சேர்ந்தே வருகிறது. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று இருந்தால் பனிநிலை 16 டிகிரிக்கு இறங்கும். நீரை 20 அல்லது 21இல் வைத்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. புகையை வெளியேற்றும் விசிறி குளிர்ந்த காற்றையும் சேர்த்தே இழுத்துத் தள்ளும், அதற்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளியிலிருந்து ஈரக் காற்று நுழையும். குளிர்சாதனத்தை அரை மணி நேரம் முன்பே போடுவது, புகை விசிறியை வெட்டும்போதும் முடிந்த சில நிமிடங்கள் வரையும் மட்டும் ஓட்டுவது, அறையில் ஓர் ஈரப்பதமானியைக் கண்ணில் படும்படி மாட்டுவது ஆகிய மூன்றும் செலவில்லாத பழக்கங்கள். புகைக் குழாயின் வாய் பக்கத்துக் கடையின் பின்வாசலைப் பார்த்திருந்தால் ஒரு மாதத்தில் புகார் வரும். கரி வடிகட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அக்ரிலிக் வெட்டும் இடத்தில் அது விரைவில் நிறைந்துவிடும், மாற்றும் செலவு சந்தாவைத் தின்னும்.

தைப்பூசத்தை ஒட்டி லேசருக்குக் கூட்டம் சேரும் என்பதால் ஓர் எச்சரிக்கை. காவடி அலங்காரத்துக்கு மயில், வேல், பிரபை வடிவங்களை வெட்டக் கொண்டுவரும் வெள்ளைப் பலகைகளில் ஒன்று விளம்பரப் பலகைக் கடைகளில் விற்கும் பி.வி.சி. நுரைப் பலகை. எடை குறைவு, வண்ணம் நன்றாகப் பிடிக்கும், கத்திக்கும் இழைரம்பத்துக்கும் பணியும். லேசரில் மட்டும் அதை வைக்கவே கூடாது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, லேசர் முனை நகரும் தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைக்கும், லென்ஸை மங்கவைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் நுரையீரலைத் தாக்கும். ஸ்டிக்கர் வினைலும் செயற்கைத் தோலும் பெரும்பாலும் இதே இனம்.

பார்த்தால் தெரியாது, சோதித்தால் தெரியும். திறந்தவெளியில் செம்புக் கம்பி ஒன்றை இடுக்கியில் பிடித்து, சுடரில் நிறம் எதுவும் தெரியாத வரை காஸ் விளக்கில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். சூடாக இருக்கும்போதே பலகையின் ஓரத்தில் தொட்டால் சிறிதளவு உருகி ஒட்டும். மறுபடி சுடரில் காட்டினால், பச்சை நிறம் பளிச்சிட்டால் குளோரின் இருக்கிறது, பலகையைத் திருப்பி அனுப்பிவிடலாம். புகையை முகர வேண்டாம். மாற்றாக 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது 3 மி.மீ. பிளைவுட் போதும். பாலிகார்பனேட்டைக் கொண்டுவந்து “இதுவும் கண்ணாடி மாதிரிதானே” என்பார்கள். அது வெட்டுப்படாமல் கருகி மஞ்சளாகும்.

லேசர் ஓடும்போது யாரும் அறையை விட்டு நகரக் கூடாது. வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் காற்றூதி நின்றுபோனால் அக்ரிலிக் ஒரு சிறு தீபமாக எரியத் தொடங்கி, மூடியின் கண்ணாடி வரை ஏறிவிடும். பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டின் அடியில் சேரும் துண்டுகளை வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் அவையே எரிபொருள். பக்கத்தில் இருக்க வேண்டியது கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான். பொடித் தீயணைப்பானும் தீயை அணைக்கும், ஆனால் அந்தப் பொடியை லென்ஸிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் எடுத்து மாளாது.

மேசை ரம்பத்தில் விரலை இழப்பவர்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். பட்டறைகளில் அடிக்கடி நடப்பது பலகை திருப்பி எறியப்படுவது. அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தின் பல்சக்கரத்தின் பின்பக்கத்தைக் கவ்வும்போது, மேலேறி வரும் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவரின் வயிற்றை நோக்கி வீசும். பிளவைத் திறந்தே வைத்திருக்கத்தான் சக்கரத்துக்குப் பின்னால் பிளவுத்தகடு இருக்கிறது. அதன் தடிமன் சக்கர உடலின் தடிமனைவிடச் சற்றே கூடுதலாகவும், அறுவெட்டின் (சக்கரம் மரத்தில் விடும் பிளவின்) அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் மெல்லிய சக்கரம் வாங்கி மாட்டும் நாளில் இந்தக் கணக்கு தப்பும். பலகை தகட்டில் முட்டி நிற்கும். எரிச்சலில் தகட்டைக் கழற்றி அலமாரியில் வைப்பார். அடுத்து வருபவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இதைத் தடுக்க ஒரே வழி, சக்கரத்தின் அளவையும் அறுவெட்டு அகலத்தையும் பட்டறையே முடிவு செய்து இயந்திரத்தின் மேல் எழுதி ஒட்டுவது.

மழுங்கிய சக்கரம் இதற்கு அண்ணன். அறுப்பு மெதுவாகிறது என்று ஆள் அழுத்தித் தள்ளுவார், பலகை ஓரம் கருகும், கை வழுக்கும். பாதி நேரம் பல் மழுங்கியே இருக்காது, மரப்பிசின்தான் படிந்திருக்கும். கழற்றி, பிசின் நீக்கும் திரவத்தில் ஊறவைத்துத் துலக்கினால் சரியாகிவிடும். கையுறை வேண்டாம், சுழலும் எதன் அருகிலும் வேண்டாம். தோலைத் தொட்டால் 5 மில்லி விநாடிக்குள் சக்கரத்தை நிறுத்தும் ரம்பங்கள் வந்துவிட்டன. வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் ஈர மரத்தை அறுத்தாலும் அதன் தடை வெடித்து நிற்கும், ஒருமுறை நின்றால் தடைப்பெட்டியும் பல்சக்கரமும் குப்பைக்குத்தான். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத பட்டறையில் நட்பு கெடும்.

மரத்தின் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்சாதனம் இல்லாத பட்டறையில் கிடக்கும் மரத்தில் 15 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். நாள்முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் அது 11 விழுக்காட்டுக்கு இறங்கும். 300 மி.மீ. அகலமுள்ள பலகை இந்த வேறுபாட்டில் 3 மி.மீ. வரை சுருங்கக்கூடும். பட்டறையில் கச்சிதமாகப் பொருந்திய கொலுப்படியும் பூசை மாடமும் வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்தில் வெடிப்பது இதனால்தான், மரக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அகலப் பலகையை இறுக்கி ஆணி அடிக்காமல் நீள்துளையில் திருகாணி போட்டால் பலகை நகர இடம் கிடைக்கும். அல்லது பிளைவுட்டில் செய்துவிட்டு ஓரத்துக்கு மட்டும் மரம் ஒட்டலாம்.

தூசிக்கும் தீக்கும் உள்ள உறவைப் பலர் மறக்கிறார்கள். மரத்தூள் உறிஞ்சியின் பக்கத்தில் சாணைக்கல் வைக்கக் கூடாது; இரும்புப் பொறி ஒன்று குழாய்க்குள் போனால் பைக்குள் கனன்று, ஆளில்லாத இரவில் எரியும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது காய்ந்து இறுகும்போதே சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். விரித்து உலர்த்துங்கள், இல்லையேல் நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அலுமினியத்தைச் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டினால் கல்லின் துளைகள் அடைபட்டுச் சூடேறிக் கல்லே வெடிக்கலாம். காவடிச் சட்டத்துக்கு அலுமினியம் எடுத்து வருபவர்களுக்கு அரமே போதும்.

நாடு திரும்பும் வெளிநாட்டினர் விட்டுச்செல்லும் அமெரிக்க இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆசை வரும். அவை பலவும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓட வேண்டிய மோட்டார் 2,875இல் ஓடும், கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். சிறிய ட்ரில் என்றால் பரவாயில்லை, நாள்முழுதும் ஓடும் ரம்பம் என்றால் மோட்டார் கருகும். 13 ஆம்பியர் பிளக்கின் வழியே 3,000 வாட் வரைதான் எடுக்கலாம். ரம்பமும் தூசி உறிஞ்சியும் கம்ப்ரஸரும் ஒரே மின்சுற்றில் இருந்தால் மூன்றாவதைப் போடும்போது இருட்டுதான். பெரிய மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான ஓட்டத்தைப்போல் 5, 6 மடங்கு இழுக்கும் என்பதால் வீட்டு வகை மின்சுற்றுத் தடுப்பான் தேவையில்லாமல் விழும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் தனிச் சுற்றும் மோட்டாருக்கேற்ற தடுப்பானும் கேளுங்கள். மின்தடை நீங்கியதும் இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்காத சுவிட்சு ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

இனி ஆள்கள். இயந்திரங்களை மூன்று நிறமாகப் பிரிப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது. பச்சை என்றால் உளி, சுத்தியல், தையல் இயந்திரம் போன்றவை, யாரும் எடுக்கலாம். மஞ்சள் என்றால் ஒருமுறை காட்டிக்கொடுக்க வேண்டும். சிவப்புக்கு வகுப்பும் சோதனையும் உண்டு. வகுப்பில் 4 பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவரும் பயிற்றுநர் கண்முன் அறுத்துக் காட்ட வேண்டும். ஆறு மாதம் தொடாதவர் மறுபடி காட்ட வேண்டும். அட்டை காட்டினால் மட்டும் இயந்திரம் இயங்கும்படி செய்வதும் கடினமல்ல. சிறிய மின்னணுப் பலகையின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சு) நேரடியாக மோட்டாரை இயக்கக் கூடாது, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் சுவிட்சின் சுருளைத்தான் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு இயந்திரம் நிற்கவே நிற்காது. நேரம் முடிந்தது என்று அட்டைக் கருவி அறுப்பின் நடுவே மின்சாரத்தை வெட்டக் கூடாது. லேசரின் புகை விசிறியையும் நீரோட்டத்தையும் அட்டையோடு இணைக்கவே வேண்டாம்.

பயிற்றுநர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கப்பல் பட்டறைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிட்டர்களும் வெல்டர்களும் இந்தத் தீவில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மதிப்பூதியம் கொடுங்கள். இலவசத் தொண்டு என்று அழைத்தால் மூன்று மாதம் வருவார்கள், பிறகு பேரப்பிள்ளை வந்துவிடும். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமாரிடம் கைத்திறன் இருந்தாலும் ஊதியம் கொடுத்துப் பயிற்சி நடத்தவைக்கக் கூடாது. சீட்டில் குறித்த முதலாளியிடம் மட்டுமே அவர்கள் வேலை செய்யலாம், மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

பணக் கணக்குக்கு ஒரு மாதிரி. மாத வாடகை 3,000 வெள்ளி, மின்சாரம் 500, பழுதும் தேய்மானமும் 500, காப்புறுதி 250, இணையம் 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,300. சந்தா 80 வெள்ளி என்றால் 54 பேர் தவறாமல் கட்ட வேண்டும். தவறாமல் கட்டுபவர் 54 பேர் வேண்டுமானால் பெயர்ப் பட்டியலில் 70 பேராவது தேவை. இதில் பயிற்றுநர் ஊதியம் இன்னும் சேரவில்லை. அதை வகுப்புக் கட்டணத்தில் எடுக்க வேண்டும். லேசருக்கு நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தை அடுத்த குழாய்க்கென ஒதுக்குவது நியாயம். பல்சக்கரம், உப்புத்தாள், மரம் குடையும் ரவுட்டரின் முனை ஆகியவற்றை உறுப்பினரே வாங்கிவரட்டும். பொதுச் சொத்தாக வைத்தால் எல்லாமே மழுங்கியிருக்கும்.

ஆண்டுச் சந்தாவை முன்கூட்டி வாங்கி இந்த மாத வாடகைக்குச் செலவழிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு டெக்‌ஷாப்பைப் பாருங்கள். 2006இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் தொடங்கி அமெரிக்காவின் பல நகரங்களில் கிளை பரப்பிய அந்தப் பொதுப் பட்டறை நிறுவனம் 2017 நவம்பரில் திடீரென்று கதவடைத்தது. முன்பணம் கட்டிய உறுப்பினர்கள் வெளியே நின்றார்கள். அவர்களிடம் இயந்திரத்துக்குக் குறைவே இல்லை. முன்பணம் வாங்கினால் தனிக் கணக்கில் போட்டு மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கமாகப் பதிவது பற்றி யோசிக்க வேண்டும். “என் பொறுப்பிலேயே வருகிறேன்” என்று உறுப்பினர் கையெழுத்திட்ட தாளை நம்பி இருக்க வேண்டாம். தொழிலாக நடத்தப்படும் இடம் தன் கவனக்குறைவால் ஒருவருக்கு விளைந்த காயத்தின் பொறுப்பை எழுத்தில் தட்டிக்கழிக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுக்கும்போது ரம்பம், வெல்டிங் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சண்டை பெரும்பாலும் இடத்துக்காகத்தான் வரும். ஆளுக்கு ஒரு 50 லிட்டர் பெட்டி, பாதியில் நிற்கும் வேலைக்குப் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு, 14 நாளுக்குப் பிறகு அகற்றப்படும் என்ற விதி, 30 செ.மீ.க்குக் குறைந்த மரத்துண்டு அன்றே குப்பைக்கு. பழுதான இயந்திரத்தைக் கண்டவர் பிளக்கைப் பிடுங்கிச் சிவப்புச் சீட்டு மாட்டிவிட்டுப் போக வேண்டும். உடைத்தவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினால் அடுத்த முறை யாரும் சீட்டு மாட்ட மாட்டார்கள்.

முதல் ஆண்டில் லேசரையும் மேசை ரம்பத்தையும் தள்ளிவைத்துவிட்டு கைக்கருவிகள், ஒரு ட்ரில் பிரஸ், ஒரு பேண்டு ரம்பம், நல்ல தூசி உறிஞ்சி, இரண்டு தொழிற்சாலைத் தையல் இயந்திரம், சாலிடரிங் மேசை என்று தொடங்கும் குழுவுக்கே என் வாக்கு. தையல் இயந்திரத்தைச் சேர்த்தால் நடன உடை தைப்பவர்கள் வருவார்கள். சந்தா ஒழுங்காக வரும், வெட்டும் மேசையும் சுத்தமாக இருக்கும்.

அறைக்கு ஒப்பந்தம் போடும் முன் மூன்றைச் செய்யலாம். ஒரு பிற்பகல் 3 மணிக்கு ஈரப்பதமானியோடு போய் அரை மணி நேரம் அங்கே நில்லுங்கள். மின்பணியாளரை அழைத்து எத்தனை ஆம்பியர் வருகிறது, முக்கட்ட (மூன்று ஃபேஸ்) இணைப்பு கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த இடத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டில் பட்டறை வேலை அடங்குமா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும், தீப்பாதுகாப்பு பற்றிக் குடிமைத் தற்காப்புப் படையிடமும் கேட்டுவிட்டு முன்தொகை கட்டுங்கள். சமூக மன்றங்களில் அறை தருபவர்களும் சன்னல் பக்கம் புகைக்குழாய் போக ஒரு துளைக்கும், ஒரு தனி மின்சுற்றுக்கும் இடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இப்படிக்கு,
பொதுப் பட்டறை உறுப்பினர் ஒருவர்,
சிராங்கூன்.